ஆன்சன் துரையின் நினைவு நூல்

பினாங்கில் ஆன்சன் சாலை இன்றும் அப்பெயரோடே விளங்குகிறது. பேராக்கின் தெலுக் ஆன்சனோ 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. இப்பெயர்களுக்குரிய ஆர்ச்சிபால்டு ஆன்சன் பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. மொரிஷியஸ் தீவின் போலீஸ் தலைவராயிருந்து, 1867 முதல் 1882 வரை பினாங்கின் துணைக் கவர்னராக ஆண்டவர். அவர் எழுதிய 'பிறரும் நானும்' என்னும் ஆங்கில நூல் 1920இல் இலண்டனில் வெளிவந்தது.

அந்நூலை எடுப்போர் முதலில் நோக்கத்தக்கது காலக்கணக்கு. ஆன்சன் பிறந்தது 1826இல். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றைக் கடந்திருந்தது. பினாங்குப் பதவியை விட்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன. இத்துணைக் காலம் கழித்து எழுதப்படுவது நினைவேயன்றிப் பதிவேடு ஆகாது.

1867 ஆகஸ்டு கலகத்தை எடுத்துக்கொள்வோம். கீ ஹின், தோ பெ கோங் என்னும் சீனர் இரகசியச் சங்கங்கள் மோதின. வெள்ளைக்கொடி, செங்கொடி எனும் முஸ்லிம் சங்கத்தாரும் இருபுறமும் பிரிந்து நின்றனர். சாட்சிகளை விசாரித்த குழுவின் அறிக்கை மறு ஆண்டே, 1868இல் வந்துவிட்டது. நடந்ததை அறிய அவ்வறிக்கையே முதற்சான்று. ஆண்டவர் மனத்தை அறிய நினைவு நூல் உதவும். இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை.

தலைப்பில் 'பிறர்' முன் நிற்கின்றனர். ஆனால் அப்பிறர் யாவர் என்பதைத் தெரிந்தெடுப்பவர் நூலாசிரியரே. அவர் ஆட்சிக்காலத்தில்தான் நாகப்பட்டினத்துக் கப்பல்கள் தமிழ்த் தொழிலாளரைப் பினாங்கில் இறக்கின. 1872இல் இந்திய அரசு அவர்களை இங்கு அனுப்புவதற்கிருந்த சட்டத் தடையை நீக்கியது. 1876இல் இங்கே இந்தியத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த அவர்களுள் எவரும் தம் நினைவுகளை எழுதி இலண்டனில் அச்சிட வழியிருந்ததில்லை.

ஆகவே நூலை ஒதுக்குவதும் அறிவன்று. அதையே வரலாறாகப் போற்றுவதும் அறிவன்று. சாலைப் பெயரை விளக்கும் ஆசிரியர், ஆன்சனின் பதவிகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாடம் பாதியாகும். அச்சாலை நகரில் அக்காலத்தில் கரையிறங்கியவர் யாவர், எந்தச் சட்டத்தின் கீழ் உழைத்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் மாணாக்கர் தம் பாட்டன்மார்க்கும் வரலாற்றில் இடமுண்டு என்று உணர்வர்.