விமான சிமுலேட்டரில் சேலம் – நாமக்கல் நிலத்தோற்றம்: ஒரு திறனாய்வு

கணினியில் விமானம் ஓட்டிப் பழக உதவும் மென்பொருளை விமான சிமுலேட்டர் என்கிறோம். அதில் தெரியும் தரைக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. வயல், சாலை, ஊர் எல்லாம் மேலே போர்த்திய படம். அந்தப் படத்தைத் தாங்கி நிற்பது, சம இடைவெளிகளில் அமைந்த புள்ளிகளின் உயரங்களைக் கொண்ட ஒரு வலை. ‘டெரெய்ன் மெஷ்’ எனப்படும் இதை இக்கட்டுரையில் உயர வலை என்றே குறிப்பிடுகிறேன். சிமுலேட்டருடன் வரும் உயர வலை போதாதவர்கள், அதைவிட நெருக்கமான வலையைத் தனியே பதிவிறக்கி நிறுவிக்கொள்கிறார்கள். இந்தக் கூடுதல் வலைகள் நம் பகுதி நிலத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட வழி, காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து தெற்கே ஜேடர்பாளையம் வரை. நேர்கோட்டில் கிட்டத்தட்ட 70 கி.மீ.; சிறிய செஸ்னா விமானத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். புறப்படும்போது கிழக்கே சேர்வராயன் மலை. பிறகு கஞ்சமலை, சங்ககிரி, திருச்செங்கோடு என்று தனித்தனிக் குன்றுகள். கடைசியில் காவிரியும் படுகை அணையும் வாய்க்கால்களும். பெரிய மலை, சிறிய குன்று, சமவெளி மூன்றும் ஒரே பயணத்தில் வருவதால், உயர வலைக்கு இதைவிட நல்ல தேர்வுத்தாள் கிடைக்காது.

நிறுவுவது கடினமான வேலை அல்ல. 2006இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் மென்பொருளில், ‘சீனரி’ என்ற பெயருள்ள உள்கோப்புறையில் பிஜிஎல் கோப்புகளை வைத்து, அதன் தாய்க் கோப்புறையைச் சீனரி நூலகத்தில் சேர்த்தால் போதும். அதன்பின் அமைப்புகளில் உள்ள மெஷ் நுணுக்க அளவையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். கோப்பு இருந்தும் மலை மாறாது. எக்ஸ்-பிளேனில் பட்டியலின் வரிசை முக்கியம். உயர வலை அடியிலும் விமான நிலையங்கள் அதற்கு மேலும் இருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளான ஃப்ளைட்கியரில் டெர்ராசிங்க் என்ற வசதி, பறக்கும் பகுதிக்கான நிலத்தைத் தானே இறக்கிக்கொள்ளும்.

சிக்கல் நிறுவிய பிறகுதான் தொடங்குகிறது. என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்து, இப்போது பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர், இந்தியா முழுவதற்கும் ‘19 மீட்டர்’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு தொகுப்பை நிறுவியிருந்தார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. “சார், பத்தொம்பது மீட்டர் போட்டாச்சு, திருச்செங்கோட்டு மலை கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரியே இருக்குதுங்க” என்றார். தொகுப்புடன் வந்த விளக்கக் கோப்பைத் திறந்து படித்தோம். மூலத் தரவு மூன்று ஆர்க் வினாடி என்று அதிலேயே எழுதியிருந்தது. ஒரு பாகையில் 3600 ஆர்க் வினாடிகள். நம் அட்சரேகையில் மூன்று ஆர்க் வினாடி என்பது ஏறத்தாழ 90 மீட்டர். அதாவது 90 மீட்டருக்கு ஒரு புள்ளி அளந்துவிட்டு, நடுவிலுள்ள புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்பி, 19 மீட்டர் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். வகுப்பில் பத்துப் பேர் உயரத்தை அளந்துவிட்டு, நாற்பது பேர் பட்டியல் என்று ஒப்படைப்பதைப் போன்றது இது.

இதை வெறும் விளம்பர மிகை என்று விட்டுவிட முடியாது. மேலே சொன்ன சிமுலேட்டர், ஒரே இடத்துக்கு இரண்டு உயர வலைகள் இருந்தால் நூலக வரிசையைப் பார்ப்பதில்லை. எது நெருக்கமானது என்று கோப்பு சொல்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். அந்த மாணவர் கணினியில் 30 மீட்டர் தரவிலிருந்து செய்து ‘38 மீட்டர்’ என்று நேர்மையாகக் குறித்த இன்னொரு இலவசத் தொகுப்பும் இருந்தது. ஆனால் திரையில் அது வரவே இல்லை. பொய்யான 19, மெய்யான 38ஐ ஓரங்கட்டிவிட்டது. முதல் தொகுப்பின் தேர்வை நீக்கி மீண்டும் பறந்தபோது திருச்செங்கோட்டு மலைக்கு விளிம்புகள் வந்தன.

இத்தரவுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில், 60 மீட்டர் நீளமான கம்பத்தின் இரு முனைகளிலும் ரேடார் ஏற்பிகளை வைத்து, வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரையுள்ள நிலத்தை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். ஒரு ஆர்க் வினாடித் தரவு முதலில் அமெரிக்காவுக்கு மட்டுமே வெளியிடப்பட்டது. பிற நாடுகளுக்குக் கிடைத்தது மூன்று ஆர்க் வினாடி. 2014க்குப் பிறகே நெருக்கமான தரவு படிப்படியாகத் திறக்கப்பட்டது. ஆகவே அதற்கு முன் எஸ்ஆர்டிஎம்மிலிருந்து நம் பகுதிக்குச் செய்த வலை எதுவாயினும், அதன் மேலுறையில் என்ன எண் அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது 90 மீட்டர்தான்.

இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்கு நாமக்கல் கோட்டைப் பாறை நல்ல எடுத்துக்காட்டு. உயர வலையில் செங்குத்துச் சுவர் கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேராகச் சரிய மட்டுமே முடியும். 60 மீட்டர் உயரப் பாறைமுகம் 90 மீட்டர் வலையில் சுமார் 34 பாகைச் சரிவாகிறது. 30 மீட்டர் வலையில் அதுவே சுமார் 63 பாகை. முன்னதில் ஆடு மேய்க்கலாம். பின்னது பாறை என்று பார்த்தவுடன் தெரியும். கொல்லிமலை, சேர்வராயன் போன்ற பெருமலைகளுக்கு 90 மீட்டரே ஓரளவு போதும். ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் மலையின் உருவம் எளிதில் கெடாது. விற்பனைப் படங்களில் எப்போதும் பெருமலைகளையே காட்டுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஜேடர்பாளையத்துக்கு வந்தால் நிலைமை வேறு. இங்கே காவிரியின் குறுக்கே படுகை அணை. அதிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்கு நீர் கொண்டுபோகிறது. ஆற்றுப் பாசன வாய்க்கால் கிலோமீட்டருக்குச் சில பத்து சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும்படி வெட்டப்படுவது. எஸ்ஆர்டிஎம் தரவிலோ உயரம் முழு மீட்டராகவே பதிவாகிறது. திட்டமிட்டபோதே 16 மீட்டர் வரை பிழை ஏற்கத்தக்கது என்று வைத்திருந்தார்கள். போதாததற்கு, அந்த ரேடாரின் 5.6 செ.மீ. அலை, அடர்ந்த மரங்களின் ஊடே தரைவரை முழுதாக இறங்குவதில்லை. வாய்க்கால் கரைத் தென்னந்தோப்பு மண்மேடாகப் பதிவாகிவிட வாய்ப்புண்டு. தண்ணீர் போகும் வழி என்று இந்தச் சமவெளி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கணித்து வைத்த சரிவு, திரையில் எந்தத் தொகுப்பிலும் இல்லை. 19லும் இல்லை, 38லும் இல்லை.

மேட்டூர் அணைக்கும் ஒரு சொல். அதன் முழு ஆழம் 120 அடி. நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். வலையிலோ ஒருமுறை எழுதிய மட்டமே எப்போதும். சிமுலேட்டர் ஏரிக்குத் தனியாக வைத்திருக்கும் உயரமும் புதிய வலையின் உயரமும் ஒத்துப்போகாவிட்டால் கரை முழுவதும் சுவர் எழும்பும். விமான நிலையத்திலும் இதே கதைதான்: சேலம் ஓடுதளத்தை 1008 அடியில் சிமுலேட்டர் சமப்படுத்தி வைத்திருக்க, சுற்றுநிலம் மாறினால் ஓடுதளம் திண்ணைமேல் நிற்கும், அல்லது குழிக்குள் கிடக்கும். இதற்குத் தனித் திருத்தக் கோப்பு வேண்டும்.

இந்தியாவிலேயே நல்ல மூலம் இருக்கிறது. 2005 மே மாதம் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1, ஒரே நிலத்தை இரண்டு கோணங்களில் படமெடுத்தது. அதிலிருந்து செய்த கார்ட்டோடெம் உயரத் தரவை இஸ்ரோவின் புவன் தளம் வழங்குகிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவும் இலவசம். அவற்றைப் பயன்படுத்தி இப்பகுதிக்கு மட்டும் ஒரு சிறிய வலையை நம் கல்லூரி மாணவர்களே செய்துவிடலாம்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை வகுப்பில் விரிக்கும்போது, சமவுயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்று ஓரத்தில் அச்சிட்டிருப்பதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். உயர வலைத் தொகுப்புகளும் மூலத் தரவின் பெயர், அளந்த ஆண்டு, உண்மையான இடைவெளி ஆகிய மூன்றையும் பதிவிறக்கப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். அந்த மாணவர் பழைய தொகுப்பை இன்னும் அழிக்கவில்லை; தேர்வை மட்டும் எடுத்துவிட்டு, கோப்புறையின் பெயரை ‘90’ என்று மாற்றி வைத்திருக்கிறார்.