கதவுக்குள் ஒரு மிருதங்கம்

காரில் பாட்டைக் கேட்டுப் பழக, முதலில் காரை நிறுத்த வேண்டும். நிழலாகப் பார்த்து நிறுத்தி, இன்ஜினையும் ஏசியையும் அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டு கேளுங்கள். ஸ்டீரியோவில் பாஸ், ட்ரெபிள் இரண்டும் பூஜ்யத்தில் இருக்கட்டும். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, புது ஸ்பீக்கர் எது வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். இப்போது இருக்கும் ஸ்பீக்கரில் என்ன குறை என்று காதுக்குத் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் எதை விற்க நினைக்கிறாரோ அதைத்தான் வாங்கி வருவோம்.

எந்தப் பாட்டு? நான் 'கொஞ்சும் சலங்கை'யில் தொடங்குவேன். 1962-இல் வந்த படம். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்து போகும் பாட்டு எல்லோருக்கும் தெரியும். அது மோனோ பதிவு. இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் போவது ஒரே ஒலிதான். அதனால் குரல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, ஜானகி எங்கே நின்று பாடுகிறார் என்று விரலால் காட்டுங்கள்.

நம் ஊர் காரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். வலது ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கிறது, இடது ஸ்பீக்கர் தள்ளி இருக்கிறது. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். அதனால் வலது ஸ்பீக்கரின் ஒலி சற்று முந்தி வருகிறது. அந்தச் சின்ன முந்தலே குரலை வலது முழங்காலுக்குப் பக்கத்துக்கு இழுத்துவிடும். பேலன்ஸை இடது பக்கம் ஒன்றிரண்டு புள்ளி தள்ளினால் ஓரளவு சரியாகும். ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட், அதாவது பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதி, இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', 1986. வி. எஸ். நரசிம்மனின் வயலின் மற்ற வயலின்களிலிருந்து பிரிந்து தனியாகத் தெரிகிறதா? நரம்பின் மேல் வில் உரசுவது காதில் விழுகிறதா? கடைசியாக ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். வலது முகமான வலந்தலை கணீரென்று விழ வேண்டும். இடது முகமான தொப்பியில் விழும் 'தொம்'முக்கு ஒரு சுருதி உண்டு, அது எழுந்து அடங்குவதற்கு ஒரு அளவும் உண்டு. எல்லா அடியும் ஒரே மாதிரி 'பொத் பொத்' என்று கேட்டால் நீங்கள் கேட்பது மிருதங்கத்தை அல்ல, கதவுத் தகரத்தை.

நான் இதைக் கற்றுக்கொண்டது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு காரில். முந்தைய சொந்தக்காரர் எங்கோ ஒரு கடையில் ஸ்பீக்கர் மாற்றியிருந்தார். பாட்டு போட்டால் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அடிக்கனமே இல்லை. ஸ்பீக்கர் மட்டம் என்று முடிவுகட்டி, புதுசுக்குப் பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன். அப்போது தற்செயலாகப் பேலன்ஸை முழுக்க வலது பக்கம் திருப்பினேன். பாஸ் கூடியது. நடுவில் வைத்தால் குறைந்தது. இரண்டு ஸ்பீக்கர் பாடும்போது கனம் கூடத்தானே வேண்டும்?

இடது கதவின் உள்பலகையை, மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்களே, அதைக் கழற்றிப் பார்த்தேன். பிளஸ், மைனஸ் ஒயர்கள் மாறியிருந்தன. ஒரு கோன் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஸ்வரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இதைச் சரிபார்க்கச் சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஸ்பீக்கர் ஒயரைப் பிரித்துவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஒயரை மாற்றிப் போட்டேன். கால் மணி நேர வேலை. பாஸ் திரும்பி வந்தது, குரல் ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு பைசா செலவில்லை.

அன்றைக்குக் கழற்றிய கதவில் இன்னொன்றையும் பார்த்தேன். உள்தகரத்தில் கை நுழையும் அளவுக்கு இரண்டு மூன்று ஓட்டைகள், அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் முன்பக்கம் எவ்வளவு ஒலி தருகிறதோ அவ்வளவு ஒலியைப் பின்பக்கமும் தருகிறது, தலைகீழாக. அந்தப் பின்னொலி ஓட்டை வழியாக வெளியே வந்து முன்னொலியோடு கலந்து அதன் கனத்தைக் குறைத்துவிடும். மிருதங்கத்தின் பலாக்கட்டையில் நாலு ஓட்டை போட்டுவிட்டு எவ்வளவு உயர்ந்த தோலைக் கட்டினாலும் என்ன நாதம் வரும்? வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி. கார் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி.

அதனால் ஸ்பீக்கரைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைப் பாருங்கள். டேம்பிங் ஷீட் என்று கேட்டால் கடையில் தருவார்கள். ஒரு பக்கம் பிசுபிசுக்கும் பியூட்டைல் ரப்பர், மறுபக்கம் அலுமினியத் தாள். வெளித்தகரத்தின் உட்புறத்தைத் துடைத்துக் காயவிட்டு, நடுவில் அதிர்கிற இடங்களில் ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்த வேண்டும். முழுப் பரப்பையும் மூட வேண்டியதில்லை. பிறகு உள்தகரத்தின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளை மட்டும் தொடவே கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறும். அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் விரல் மூட்டால் கதவைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றது 'தொப்' என்று மாறியிருக்கும்.

15,000-ஐ நான் பிரித்த விதம் இது. முன் கதவுகளுக்கு ஒரு ஜோடி காம்போனென்ட் ஸ்பீக்கர், 6,000. இரண்டு கதவுக்கும் டேம்பிங், 3,000. ரிங், கப்ளர், ஃபிட்டிங் கூலி என்று ஆயிரத்துச் சொச்சம். மீதியைத் தொடவில்லை. விலை ஊருக்கு ஊர் மாறும், இந்த விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பின் கதவுக்கு எதுவுமே இல்லை. கச்சேரி கேட்கப் போனால் மேடை நமக்கு முன்னால்தான் இருக்கும். காம்போனென்ட் என்றால் உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டர் தனியாக வரும். அதை டேஷ்போர்டின் மேல் மூலையில் வைக்கலாம். கீழே கதவில் கிடந்த குரல் கண் மட்டத்துக்கு எழும்புவது அப்போதுதான். காரின் ஒயரை வெட்ட விடாதீர்கள். பெரும்பாலான கார்களுக்கு வெட்டாமல் சொருகும் கப்ளர் கிடைக்கிறது.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். ஸ்டீரியோவின் அட்டையில் 50 வாட் என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு பெரும்பாலும் 15 முதல் 20 வாட்தான். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அதே 3 டெசிபலை சென்சிட்டிவிட்டி கூடிய ஸ்பீக்கர் சும்மாவே கொடுத்துவிடும். தனி ஆம்ப் போடாத காருக்கு அந்த சென்சிட்டிவிட்டி எண் 90 டெசிபலுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போவார்கள். உங்கள் மூன்று பாட்டையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். கடையின் டெமோ பலகையில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடும், ஏனென்றால் அந்தப் பலகைக்கு ஓட்டை கிடையாது. ஃபிட்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கதவுக்கு என்ன பண்ணுவீங்க?" அவர் சொல்கிற பதிலை வைத்துக் கடையைத் தேர்ந்தெடுக்கலாம்.

சப் ஊஃபர்? இரண்டு மாதம் போகட்டும். வழக்கமான பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். கதவு ஸ்பீக்கருக்கு அது எட்டாத ஆழம்தான். டயர் இரைச்சலும் அந்தப் பகுதியைத்தான் முதலில் விழுங்கும். மீதிப் பணத்தோடு இன்னும் சேர்த்து, சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப் ஒன்று வாங்கலாம். அதன் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் இல்லாத ஒயர் எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் காரே தீப்பிடிக்கலாம். இங்கே மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

என் காரில் வேலை முடிந்த மறுநாள் அப்பாவை இடது சீட்டில் உட்கார வைத்து அந்த 1962 பாட்டைப் போட்டேன். கோயில் திருவிழாக்களில் நாகஸ்வரம் கேட்டே வளர்ந்தவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சீவாளி சத்தம் கேக்குதுடா" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் விரல் தானாக டேஷ்போர்டு பக்கம் நீண்டது.