குரலும் மாம்சமும்

ஸ்காட் வாக்கரின் பிற்கால இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் ஆண்டுகளைத்தான் எண்ணுகிறார்கள். 1984, பிறகு 1995, பிறகு 2006. இரண்டு முறையும் 11 ஆண்டு மௌனம். மௌனம் தவமாகி, தவமே தரமாகிவிட்டது. நடுவே 1999இல் லியோ காராக்ஸின் 'போலா எக்ஸ்' படத்துக்கு இவர் இசையமைத்தது அந்தக் கணக்கில் சேர்வதில்லை. மௌனத்தைப் பார்த்துப் பிரமிக்கக் காது வேண்டியதில்லை.

கேட்டவர்களிலும் பலர் சொல்வது இது: 1966இல் பிரிட்டனில் வாக்கர் பிரதர்ஸ் குழுவுக்கு முதலிடம் வாங்கித்தந்த குரலை இந்த அமெரிக்கர் தாமே கொன்றுவிட்டார். அவர் கொன்றது குரலை அல்ல, அதன் கீழே விரித்திருந்த மெத்தையை. பழைய பாட்டுகளில் சோகம் வருமுன்பே வயலின்கள் வந்து, 'இப்போது நீ சோகப்படலாம்' என்று அனுமதி தந்துவிடும். 1978இல் வந்த 'நைட் ஃப்ளைட்ஸ்' தட்டில், சித்திரவதை செய்பவனைப் பற்றிய 'தி எலக்ட்ரீஷியன்' பாட்டிலும் வயலின்கள் உண்டு. ஆனால் அந்த அழகு யாருடைய இன்பத்துக்கு என்று கேட்டுக்கொண்டதும் ரஸிகன் கூசிப்போகிறான்.

'கிளைமேட் ஆஃப் ஹன்ட்டர்' (1984) அதிகம் பேர் கேளாதது. எட்டுப் பாட்டுகள், நான்கிற்குப் பெயரில்லை, வரிசை எண் மட்டும். தாளம் அந்தக் காலத்து ராக் தாளம்தான். மெட்டு அதன்மேல் உட்கார மறுக்கிறது. எல்லோரும் கொண்டாடும் 'டில்ட்' (1995) தட்டைவிட எனக்கு இது முக்கியம். அதில் கண்டடைந்தவனின் நிச்சயம். இதில் தேடுகிறவனின் தத்தளிப்பு.

'தி ட்ரிஃப்ட்' (2006) தட்டில் 'கிளாரா' என்ற பாட்டு முஸோலினியின் காதலி கிளாரெட்டா பெட்டாச்சியைப் பற்றியது. 1945 ஏப்ரலில் இருவரையும் சுட்டுக் கொன்று, மிலான் நகரச் சதுக்கமொன்றில் உடல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கூட்டம் அந்த உடல்களை விட்டுவைக்கவில்லை. பாட்டில் தாளக்காரர் ஒரு பெரிய பன்றி இறைச்சித் துண்டைக் கைமுஷ்டியால் குத்துகிறார். பாட்டைவிட இந்தச் செய்தி பிரசித்தம். செய்தியாக மட்டும் தெரிந்தவனுக்கு இது வெறும் விஷமம். முரசு அடித்திருந்தால் அது உருவகமாகியிருக்கும். இங்கே மாம்சத்தின்மேல் கை விழுகிறது, அவ்வளவுதான். 'போல' என்ற சொல்லுக்கு இடமே இல்லை. மேலே குரல் அழவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. பாஸிஸ்டின் காதலிக்காக இரங்கலாமா? பதில் தராமல் பாட்டு நம்மை அந்த உடலருகே 12 நிமிஷத்துக்கும் மேலாக நிறுத்தி வைக்கிறது.

இந்தக் கட்டாயம் 'பிஷ் பாஷ்' (2012) தட்டில் தளர்ந்துவிட்டது. கத்திகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, வயிற்றுக்காற்றுகூட வாத்யமாகிறது. அடுத்து என்ன சப்தமோ என்று காத்திருக்கும்போது பாட்டு நழுவிப்போகிறது.

2019இல் இறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு ஸன் குழுவினரோடு சேர்ந்து 'ஸௌஸ்ட்' செய்தார். அவர்களுடைய கிதார்களின் இடைவிடாத இரைச்சல் மறுபடி ஒரு மெத்தையாகிவிட்டது. குரல் அதில் சௌகரியமாகப் படுத்துக்கொள்கிறது. முதல் பாட்டான 'பிராண்டோ'வில் சவுக்கடிச் சப்தம் மட்டும் அவ்வப்போது அதை எழுப்பப் பார்க்கிறது.