நீருக்குள் ஒரு விரற்கடைக் காற்று

நீருக்குள் விழித்த கண்ணுக்கு யாவும் கலங்கித் தோன்றுவதற்குக் காரணம், காற்றிலே ஒளியைக் குவிக்கும் பணியில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்யும் விழிவெண்படலம், தன்னையொத்த ஒளிவிலகல் குணமுடைய நீரைத் தொட்டவுடன் அச்சக்தியை அநேகமாக இழந்துவிடுவதேயாகும். கண்ணுக்கு முன்னே ஒரு விரற்கடைக் காற்றை நிறுத்தி, இழந்த தெளிவை மீட்டுத் தரும் முக்குளிப்போரின் முகக்கண்ணாடியை அற்புதமான சிருஷ்டியென்றே கருதுகிறேன். ஆயினும் தூரத்தை அது மாற்றிக் காட்டுகிறது: 4 அடி தள்ளிக் கிடக்கும் சங்கு, 3 அடியில் பெருத்துத் தோன்ற, இரு கண்களும் அந்தப் பொய்த் தூரத்துக்கே குவிய, நீட்டிய கை எட்டாமல் நின்றுவிடும்.

அந்தமான் கடலோரத்து மோக்கன் இனச் சிறுவர்களோ, கண்ணாடியின்றியே கண்பாவையைச் சுருக்கி, வில்லையை இயன்றமட்டும் குவித்து, ஐரோப்பியச் சிறுவர்களைவிட இருமடங்குக்கு மேல் நுட்பமாகக் காண்பதை 2003-இல் ஸ்வீடனின் அன்னா கிஸ்லேன் குழுவினர் வெளியிட்டனர். பிற்பாடு பயிற்சியினால் ஐரோப்பியச் சிறுவர்களுக்கும் அத்திறன் வாய்த்தது.