தகவற் பலகையில் இல்லாதவை

பரிசோதனை வடிவமைப்பைப் பாடநூல்வழி கற்போர் பெரும்பாலும் கணிப்பையே கற்கின்றனர். தரவுகள் எவர் கைப்பட வந்தன என்னும் வினா அங்கு எழுவதில்லை. இவ்வகையில், ஜோர்ஜ் பொக்ஸ் கூர்ப்புமுறை இயக்கம் குறித்து 1957இல் வெளியிட்ட கட்டுரை தனிக்கவனத்துக்குரியது. பொக்ஸ் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய இராணுவ ஆய்வுகூடத்தில் இரசாயனப் பணியிலிருந்தபோது, தேவை உந்த, பிஷரின் நூல்களைத் தாமே கற்றுப் புள்ளிவிபரவியலுக்கு வந்தவர்.

அவரது முறை எளிது. உற்பத்தியை நிறுத்தாது, வெப்பநிலை, அமுக்கம் போன்ற இரண்டொரு காரணிகளைப் பொருளின் தரம் கெடாதவாறு சிறிதளவே மாற்றுதல். நடுநிலை ஒன்றும் அதனைச் சூழ்ந்த நான்குமாக ஐந்து நிலைகளை மீண்டும் மீண்டும் சுற்றிவருதல். பெறுபேறுகளைத் தகவற் பலகையில் எழுதிவைத்தல். ஒரு சுற்றிற் புலப்படாத வேறுபாடு பல சுற்றுக்களின் சராசரியில் தெளிவுறும். 16 சுற்றுக்களின் பின் நியம வழு கால்வாசியாகிவிடும். காரணிகளை ஒவ்வொன்றாக மாற்றுவோர் காணத் தவறும் இடைத்தாக்கமும் இங்கு வெளிப்படும்.

இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியே இதனை அன்றாடம் நடத்தலாம் என்பது உண்மையில் பெரிய முன்னேற்றமே. ஆயினும் கட்டுரைத் தலைப்புப் பேசுவது உற்பத்தித்திறனைக் கூட்டுதல் பற்றியே. எதனை மாற்றுவது, எதனை அளப்பது என்பன நிபுணர் குழுவின் ஆலோசனைக்குரியன. தொழிலாளி அளவீடுகளைத் தருகிறான், வினாக்களைத் தெரிவதில்லை. விளைவையும் செலவையும் போலவே புகையையும் களைப்பையும் அளக்கலாம். கணிதம் அதற்குத் தடையன்று. பலகையில் அவற்றுக்கும் ஒரு நிரல் வேண்டுமெனக் கேட்கும் உரிமைதான் அவனுக்குத் தரப்படவில்லை.