கறுப்புப் படையின் மருத்துவர் எழுதாமல் விட்டவை

கிளென் குக்கின் 'தி பிளாக் கம்பெனி' 1984இல் வெளிவந்தது. மாயாஜாலப் போர்க் கதைதான். ஆனால் நாட்டை மீட்கப் புறப்படும் இளவரசன் யாரும் அதில் இல்லை. தீர்க்கதரிசனம் ஒன்று உண்டு, அதுவும் எதிராளிகளுடையது. கதை நாயகர்கள் கூலிப்படையினர். பெரில் நகரத்து ஆட்சியாளரைக் காக்கச் சம்பளம் வாங்கியவர்கள், நிலைமை கைமீறியதும் அவர் சாவுக்கு வழிவிட்டுவிட்டுக் கடல் கடந்து வடக்கே போகிறார்கள். அங்கே 'லேடி' என்ற மாயக்காரப் பேரரசியிடம் வேலை. அவள் தீயவள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தம் போட்டாயிற்று, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்பவர் குரோக்கர். படையின் மருத்துவரும் அவரே, நாளாகமம் எழுதுபவரும் அவரே. குக் கண்டுபிடித்த பெரிய உத்தி இந்த எழுத்தர்தான். நாவலின் பலம், பலவீனம் இரண்டும் இவரிடமிருந்தே தொடங்குகின்றன.

பலத்தை முதலில் பார்க்கலாம். குக் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர்; பிறகு செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்தபடியே எழுதியவர். ஷிப்டு வேலையின் சலிப்பும் வம்பும் எப்படியிருக்கும் என்று அறிந்த கை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அவருடைய சிப்பாய்கள் சீட்டாடுகிறார்கள், அதிகாரியைத் திட்டுகிறார்கள், குளிரில் முனகுகிறார்கள். படையின் மந்திரவாதிகளான ஒன்-ஐ, காப்ளின் இருவரும் மாயவித்தையைப் பெரும்பாலும் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடவே பயன்படுத்துகிறார்கள். ராணுவத்தில் இருந்தவர்கள் இந்த நாவலை விரும்பிப் படிக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு அதில் தெரிவது டிராகன் அல்ல, தங்கள் பாசறைதான்.

வெற்றியும் இங்கே வீரத்தால் வருவதில்லை. கிளர்ச்சிப் படைத் தலைவன் ரேக்கரைப் பிடிக்க ரோசஸ் நகரத்தின் நடுவே பொன்னையும் நகையையும் குவித்து, மந்திரக் காவல் போட்டு, அவன் தலைக்கு விலையாக அறிவிக்கிறார்கள். பேராசை மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது. லட்சியத்துக்காகப் போராடுவதாகச் சொல்லும் கிளர்ச்சியாளர்களும் அந்தக் குவியலுக்கு முன்னால் நிலைகுலைகிறார்கள். எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்ற கேள்விக்கு நாவல் தரும் மிகக் கூர்மையான பதில் இந்த அத்தியாயம். நல்லவர் ஒருபுறம், கெட்டவர் மறுபுறம் என்று பழகியிருந்த வாசகருக்கு 1984இல் இது அதிர்ச்சியாகவே இருந்திருக்கும்.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. ரேவன் என்பவன் படையில் சேர்ந்த கையோடு, தனக்குத் துரோகம் செய்த மனைவியைக் கொல்கிறான். குரோக்கர் அதை அறிவார். அறிந்தும் அவனோடு சிநேகமாக இருக்கிறார். சில பக்கங்கள் கழித்து, அழிக்கப்பட்ட ஒரு கிராமத்திலிருந்து வாய் பேசாத, காது கேளாத டார்லிங் என்ற சிறுமியை அதே ரேவன் காப்பாற்றுகிறான். கொன்றவன் நம் மனத்தில் மெல்ல நல்லவனாகிறான். அந்தக் கிராமத்தைச் சூறையாடியது லேடியின் மந்திரவாதிகளில் ஒருவனான லிம்ப்பரின் ஆட்கள். கூலிப்படைக்கும் அவர்களுக்கும் எஜமானி ஒருத்திதான். ஆனாலும் கொடுமை செய்பவர்கள் பெரும்பாலும் 'மற்றவர்கள்', நம் படையினர் முரட்டுத்தனமான ஆனால் பிரியத்துக்குரிய அண்ணன்மார் என்ற எண்ணம் வாசகருக்குப் பதிந்துவிடுகிறது.

குரோக்கரே ஓரிடத்தில் ஒத்துக்கொள்கிறார்: தன் ஆட்களை உள்ளதைவிட நல்லவர்களாகக் காட்டியிருக்கிறாராம். அவர்கள் அவருக்குக் குடும்பம். சொந்தக்காரர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்று சிறு வயதிலேயே கற்றவராம். விமர்சகர்கள் பலர் இதைக் குக்கின் சாமர்த்தியமாகக் கொண்டாடுவார்கள். நம்பத்தகாத கதைசொல்லி, இடைவெளிகளை வாசகர் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பார்கள். பாதி சரி. நிரப்பிக்கொள்ளத் தடயம் வேண்டுமே? எரிந்த ஊரில் ஒரு கிழவியின் பேச்சு, சிகிச்சைக் கூடாரத்தில் எதிரிப் பக்கத்துக் காயம் ஒன்றின் கதை, எதுவாயிருந்தாலும் போதும். முதல் நாவலில் அப்படிப்பட்டவை மிகக் குறைவு. பாதிக்கப்பட்டவர்களில் நம்மோடு கடைசிவரை வருபவள் டார்லிங்; அவளைத்தான் குக் பேச்சற்றவளாகப் படைத்திருக்கிறார். அவள் சைகைகளையும் குரோக்கரே நமக்குப் பெயர்த்துச் சொல்கிறார்.

மாயாஜாலமும் கொஞ்சம் கெடுத்துவிடுகிறது. பறக்கும் கம்பளங்களில் வரும், லேடிக்குக் கட்டுப்பட்ட 'டேக்கன்' மந்திரவாதிகள் சார்ம் கோட்டைப் போரில் தங்களுக்குள் சதி செய்து சாய்கிறார்கள். சிப்பாயின் பார்வையில் போரைச் சொல்வதாகத் தொடங்கிய நாவலில், போர் முடிவாகும்போது சிப்பாய்க்கு வேடிக்கை பார்க்கிற வேலைதான். போரில் சிப்பாயின் நிலை அதுதானே என்று வாதிடலாம். ஆனால் பக்கம் பக்கமாகக் கண்ணிவைப்பையும் பதுங்கலையும் ரசிக்க வைத்துவிட்டு அப்படிச் சொல்வது சற்று ஏமாற்றம்.

கொடுமையை மறைக்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர். எஃப். குவாங்கின் 'தி பாப்பி வார்' (2018) சாட்சி. 1937 டிசம்பரில் நான்ஜிங்கில் தொடங்கிய படுகொலையை மனத்தில் வைத்து அவர் கோலின் நீஸ் நகரத்தின் அழிவை எழுதினார். அங்கே வெங்கா என்ற பெண் தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்கிறாள். படிக்கத் தாளாத பக்கங்கள். அங்கும் ஆபத்து உண்டு: அவ்வளவையும் பார்த்த வாசகருக்கு, நாயகி ரின் ஒரு தீவு நாட்டையே எரிக்கும்போது அது நியாயமாகத் தோன்றிவிடுகிறது. அந்தத் தோன்றலைக் குவாங் வேண்டுமென்றே உண்டாக்கி, உடனே அதை நெருடலாக்குகிறார். குக்கிடம் அந்த நெருடல் வருவதற்குள் பல அத்தியாயங்கள் ஓடிவிடுகின்றன.

ஆனால் குக் இந்தக் குறையை உணராதவர் அல்லர். அதே 1984இல் வந்த இரண்டாம் நாவல் 'ஷேடோஸ் லிங்கர்' பல அத்தியாயங்களில் படையை விட்டு விலகி, ஜூனிப்பர் என்ற குளிர்நகரத்தில் சத்திரம் நடத்தும் மேரன் ஷெட் பின்னால் போகிறது. கடன்காரன் நெருக்குகிறான், பார்வையற்ற தாய் வீட்டில் இருக்கிறாள். பயந்தாங்கொள்ளியான ஷெட், அவ்வூரின் மர்மமான கருங்கோட்டைக்குப் பிணங்களை விற்கத் தொடங்குகிறான். அதற்கு வழிகாட்டியவன் நம் ரேவன்தான். முதல் நாவலில் குரோக்கரின் பாசம் பூசி வைத்த பளபளப்பு, ஷெட்டின் கண்ணில் படும்போது கழன்று விழுகிறது. தொடரின் மிகச் சிறந்த பாத்திரம் இந்தச் சத்திரக்காரன்தான் என்று சொன்னால் குக்கின் ரசிகர்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும், வாளே எடுக்காத ஒருவனின் பயத்தில் தெரிகிற அளவு போரின் அழுக்கு, சார்ம் கோட்டையின் பிணக்குவியலில் தெரியவில்லை.

பிறகு வந்த நாவல்களில் நாளாகமம் எழுதும் பேனா கைமாறிக்கொண்டே போகிறது. ஒன்றை லேடி எழுதுகிறாள், பிறகு படைவீரன் மர்கன். 1999இல் வந்த 'வாட்டர் ஸ்லீப்ஸ்' நாவலில் ஸ்லீப்பியிடம் வந்து சேர்கிறது. சிறுவயதில் சொந்தக்காரர்களாலேயே சீரழிக்கப்பட்டு, பையன் வேடத்தில் படைக்குள் ஒளிந்தவள் அவள். சொந்தக்காரர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்ற குரோக்கரின் பாடம் அவளிடம் செல்லாது. ஆனால் அதற்குள் அவளும் படையின் ஆள் ஆகிவிட்டாள். படை கடந்து போன ஊர்க்காரர்கள் கைக்கு அந்தப் பேனா வரவில்லை.