மானியம் என்றொரு சொல்

1953 யூலையில் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. அதனை 'மானியக் குறைப்பு' என்றே பத்திரிகைகள் இன்றும் குறிக்கின்றன. குறைந்தது மானியமா, கலத்துச் சோறா? அச்சொல் திறைசேரியில் நின்று எண்ணுகிறது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் மக்கள் அடுப்படிக் கணக்கைக் கூறினர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

2023இல் அஸ்வெசும வந்தது. வறுமையை நான்கு தரமாக்கிய அத்திட்டத்தில் எல்லோர்க்கும் பொதுப்பெயர் 'பயனாளி'. படுவான்கரை வயற்கூலிகளும் வாவியில் வலைவீசுவோரும் பயனாளிகளாம். அவர்தம் நெல்லையும் மீனையும் உண்ணும் நமக்கு அப்பெயரில்லை!

நம் மாணவர் 'மானிய சுமை' என்றெழுதினர். விடுபட்ட 'ச்' ஒன்றைச் சேர்த்துப் புள்ளி வழங்கினோம். சுமை யார் தோளில் என்று நாம் கேட்கவில்லை.